வீட்டுத் தட்டில் வள்ளை நுண்கீரை: விதைத்தோலைக் கழற்றும் கலை

வள்ளைக்கீரையை முதன்முறையாகத் தட்டில் விதைப்பவர்களுக்குப் பெரும்பாலும் பாதித் தட்டுதான் தேறும். ஒரு பக்கம் நாற்றுகள் விரல் நீளத்துக்கு வளர்ந்து நிற்க, மறுபக்கம் விதைகள் போட்டது போட்டபடியே கிடக்கும்; வளர்ந்தவற்றிலும் பலவற்றின் தலையில் பழுப்புத் தொப்பி போல விதைத்தோல் கழலாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கும் முதல் தட்டு அப்படித்தான் வந்தது. ஊடகத்தையும் (மண்ணுக்குப் பதிலாகத் தட்டில் நிரப்பும் பொருள்) வெளிச்சத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான், சிக்கல் அவை இரண்டிலும் இல்லை, விதையின் தோலில் இருக்கிறது என்பது பிடிபட்டது. கடுகுக்கும் முள்ளங்கிக்கும் சொல்லப்படும் பொதுவான நுண்கீரை முறையை இதற்கு அப்படியே பொருத்தினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தத் தோலை ஊறவைத்து இளக்கவும், பின்பு இலையிலிருந்து கழற்றவும் தெரிந்துகொண்டால், மற்றபடி இவ்வளவு எளிதாக வளரும் கீரைகள் குறைவு.

கங்குன், கங்குங் என்ற பெயர்களிலும் விற்கப்படும் இந்தக் கீரையின் தாவரவியல் பெயர் ஐப்போமியா அக்வாட்டிகா. சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். வளர்ந்த கீரையில் தண்டும் அம்புமுனை போன்ற இலையும் உணவாகின்றன. நுண்கீரையில் விதையிலிருந்து முதலில் வெளிப்படும் வித்திலைகளையும், அவற்றைத் தாங்கும் மெல்லிய தண்டையும் மட்டுமே வெட்டி எடுக்கிறோம். முளைகட்டிய பயறும் நுண்கீரையும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முளைகட்டியதை விதை, வேர் எல்லாவற்றோடும் சேர்த்து உண்கிறோம். அது காற்றோட்டமில்லாத ஈரத்தில் வளர்வதால் சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கும் அது நல்ல இடமாகிவிடுகிறது. நுண்கீரை வெளிச்சத்திலும் காற்றிலும் வளர்ந்து, ஊடகத்துக்கு மேலே வெட்டப்படுவதால் அந்த ஆபத்து குறைகிறது.

வள்ளைக்கீரையைப் பொறுத்தவரை வீட்டில் வளர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குளம், வாய்க்கால் போன்ற திறந்த நீரில் வளர்ந்த வள்ளையைப் பச்சையாகத் தின்பது நல்லதல்ல. ஃபேசியோலாப்சிஸ் பஸ்கி என்னும் குடல் தட்டைப்புழுவின் நுண்ணிய கூடுகள் நீர்த்தாவரங்களின் மேல் ஒட்டியிருந்து, அவற்றைச் சமைக்காமல் உண்பவரின் குடலுக்குள் சென்றுவிடும். கழிவு கலந்த நீரில் வளர்ந்தால் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களையும் இந்தக் கீரை உறிஞ்சிச் சேர்த்துவைத்துக்கொள்ளும். குடிக்கத் தக்க நீரைக் கொண்டு தட்டில் வளர்க்கும்போது இந்த இரண்டு கவலைகளும் நீங்குகின்றன. ஆகவே வள்ளையைப் பச்சையாகச் சுவைக்க விரும்புபவர்களுக்கு நுண்கீரையே ஏற்ற வழி.

விதை வாங்கும்போது

முழு வேலையிலும் அதிகக் கவனம் கோருவது இந்தக் கட்டம்தான். முதலாவதாக, நேர்த்தி செய்யப்பட்ட விதையை வாங்கக் கூடாது. வயலில் விதைப்பதற்காக விற்கப்படும் விதைகளில் பூஞ்சணக்கொல்லி பூசப்பட்டிருப்பது வழக்கம். அதை அடையாளம் காட்டுவதற்காகவே இளஞ்சிவப்பு, நீலம், பச்சை எனக் கண்ணைப் பறிக்கும் சாயமும் சேர்த்திருப்பார்கள். வயலில் ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்து அறுவடையாகும் கீரையைக் கருத்தில் கொண்டு பூசப்படும் மருந்து அது. பத்து நாளில் வெட்டித் தின்னும் நாற்றுக்கு ஆகாது. கழுவினால் போய்விடும் என்று யாரேனும் சொன்னாலும் நம்ப வேண்டாம். உறையில் ‘நேர்த்தி செய்யப்படாதது’ என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விதை தன் இயல்பான பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, உறையில் இருப்பது வள்ளைக்கீரைதான் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதே ஐப்போமியா பேரினத்தில் அழகுக்காக வளர்க்கப்படும் பூங்கொடிகள் பல உள்ளன. அவற்றின் விதைகளும் கிட்டத்தட்ட இதே வடிவத்தில், ஆரஞ்சுச் சுளையை மிகச் சிறிதாக்கியது போல, ஒரு பக்கம் உருண்டும் மறுபக்கம் பட்டை தீட்டியும் இருக்கும். அவற்றில் சிலவற்றின் விதைகளில் மனநிலையையே பாதிக்கக்கூடிய எர்கோலின் வகை ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. பெயரில்லாத உறையிலும், பலவகைப் பூவிதைகள் கலந்த பெட்டியிலும் இருந்து எடுத்த விதையை உணவுக்காக முளைக்க வைக்கக் கூடாது.

விதைக்கடைகளில் அகன்ற இலை, மூங்கில் இலை போன்ற குறுகிய இலை என்று இரகங்கள் பிரித்து விற்பார்கள். நுண்கீரைக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் பொருட்படாது, ஏனெனில் இலை வடிவம் தெரியத் தொடங்குவதற்குள் நாம் அறுத்துவிடுகிறோம். விதை எவ்வளவு புதியது என்பதே முக்கியம். பழைய விதையை நம்பி முழுத் தட்டையும் விதைப்பதற்கு முன், முளைப்புத்திறனைச் சோதித்துப் பார்ப்பது நல்லது: 50 விதைகளை எண்ணி ஓர் இரவு ஊறவைத்து, ஈரமான காகிதத் துண்டில் பரப்பி, மூடியுள்ள டப்பாவில் வைத்து, ஐந்தாம் நாள் முளைத்தவற்றை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் முளைத்திருந்தால் தாராளமாக விதைக்கலாம். 30க்குக் கீழே இருந்தால் அந்த விதையைத் தட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். முளைக்காத விதை தட்டில் சும்மா கிடப்பதில்லை. ஈரத்தில் அழுகிப் பூஞ்சணத்துக்குத் தீனியாகி, முளைத்த நாற்றையும் கெடுத்துவிடும்.

ஊறவைத்தல்

20 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட தட்டுக்கு 25 முதல் 35 கிராம் விதை போதும். விதைகளை இரண்டு மூன்று முறை அலசி, தூசியையும் உடைந்தவற்றையும் நீக்கிவிட்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். நீர், விதையின் அளவைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். மிதக்கும் விதைகளை உடனே தள்ளிவிடாதீர்கள். தோலுக்கடியில் காற்று சிக்கியிருந்தாலும் விதை மிதக்கும். கிளறிவிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் மிதப்பவற்றை நீக்கினால் போதும்.

12 மணி நேரத்தில் ஒரு முறை நீரை மாற்றி, மொத்தம் 18 முதல் 24 மணி நேரம் ஊறவிட வேண்டும். ஊறியதற்கு அடையாளம் விதை பருத்திருப்பதும், விரல் நகத்தால் அழுத்தினால் தோல் வழுக்கிக்கொண்டு கொடுப்பதும்தான். ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால், பருத்த விதைகளுக்கு நடுவே போட்டபோது இருந்த அளவிலேயே கல் போலக் கிடக்கும் சில விதைகள் கண்ணில் படும். அவற்றின் தோல் இன்னும் நீரை உள்ளே விடவில்லை என்று பொருள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் பொறுக்கி எடுத்துத் தனியே வைத்துவிடலாம். அதிகமாக இருந்தால், அடுத்த தடவை ஊறவைப்பதற்கு முன்பாக உலர்ந்த விதைகளை இரண்டு உப்புத்தாள்களுக்கு இடையே வைத்து, அரை நிமிடம் மெல்லத் தேய்த்துவிடுங்கள். தோலில் கீறல் விழுந்தால் போதும். உள்ளிருக்கும் வெண்மை தெரியும் அளவுக்குத் தேய்த்தால் முளையும் சேர்ந்து கெடும்.

24 மணி நேரத்துக்கு மேல் நீரிலேயே விட்டுவிடக் கூடாது. நீர்த்தாவரத்தின் விதைதானே என்று இரண்டு நாள் விட்டுவைத்து நான் ஒரு முறை முழுவதையும் கொட்ட நேர்ந்தது. நீர் நுரைத்து, புளித்த வாடை அடித்தால் விதை மூச்சுத்திணறி அழுகத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். ஊறியவற்றை வடிகட்டி, ஈரத் துணியால் மூடி இன்னும் அரை நாள் வைத்தால், பெரும்பாலானவற்றின் ஒரு முனையில் தோல் வெடித்து, வேர்முனை வெள்ளைப் புள்ளியாக எட்டிப் பார்க்கும். அந்த நிலையில் விதைப்பதுதான் தட்டு முழுவதும் ஒரே சீராக முளைப்பதற்கு உத்தரவாதம்.

தட்டும் ஊடகமும்

நான்கைந்து சென்டிமீட்டர் ஆழமுள்ள, அடியில் துளையிட்ட தட்டு ஒன்று, அது உட்காரும்படி துளையில்லாத தட்டு ஒன்று, அதே அளவில் மூடுவதற்கு மூன்றாவது தட்டு ஒன்று என மூன்று தேவை. ஏற்கெனவே பயன்படுத்திய தட்டானால் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி வெயிலில் காயவையுங்கள்.

ஊடகத்துக்குத் தென்னைநார்த்தூளே போதுமானது. கட்டியாக வாங்கியதை நீரில் ஊறவைத்து உதிர்த்து, ஒரு முறைக்கு இருமுறை அலசிப் பிழிந்துகொள்ள வேண்டும். சரியாகக் கழுவப்படாத நார்த்தூளில் உப்பு தங்கியிருந்து வேரைக் கருக்கும். கையில் எடுத்து இறுகப் பிழிந்தால் இரண்டொரு சொட்டு மட்டும் நீர் வர வேண்டும், அதுவே சரியான பதம். அதைத் தட்டில் மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பி, அட்டையால் மெல்ல அழுத்தி மட்டப்படுத்துங்கள். தொழுவுரம், மண்புழு உரம் எதுவும் தேவையில்லை. பன்னிரண்டு நாளுக்கு வேண்டிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையாக உண்ணப் போகும் கீரையின் அடியில் சரியாக மக்காத எருவைப் போடுவது கிருமியை நாமே கூப்பிட்டு உட்கார வைப்பதாகும்.

விதைத்துப் பாரம் வைத்தல்

ஊறிய விதைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவாறு ஒரே அடுக்காகப் பரப்புங்கள். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு விதை அல்லது ஒன்றரை விதை என்பது சரியான நெருக்கம். ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் தூவினால் ஆறாம் நாளில் தண்டுகளுக்கு நடுவே காற்றுப் புகாமல் அழுகல் தொடங்கும். பரப்பிய பின் தெளிப்பானால் மேற்பரப்பை நனைத்து, மூடும் தட்டை அடிப்புறம் விதைமேல் படும்படியாக வைத்து, அதன்மேல் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை சீராகப் பாரம் ஏற்றுங்கள். நீர் நிரப்பிய பாட்டில்களைப் படுக்க வைத்தாலே போதும்.

புதியவர்கள் பலர் முளை நசுங்கிவிடும் என்று அஞ்சிப் பாரம் வைக்கும் வேலையைத் தவிர்த்துவிடுகிறார்கள். முளை நசுங்காது. வேர் கீழே இறங்கிப் பிடித்துக்கொண்டதும், தண்டு கொக்கி போல வளைந்து, தோலுக்குள் இருக்கும் வித்திலைகளைத் தன் பின்னால் மேல்நோக்கி இழுத்து வருகிறது. மண்ணுக்குள் முளைக்கும் விதைக்கு மேலே அழுத்தும் மண்ணின் உராய்விலேயே தோல் கழன்றுவிடும். தட்டில் மேற்பரப்பிலேயே முளைப்பதற்கு அந்த உராய்வு கிடைப்பதில்லை. ஆகையால் தோலைத் தலையிலேயே சுமந்துகொண்டு எழுகிறது. நாம் வைக்கும் பாரம் அந்த மண்ணின் வேலையைச் செய்கிறது. பாரத்துக்குப் பதிலாக விதைமேல் அரை சென்டிமீட்டருக்கு நார்த்தூளைத் தூவி மூடுவதும் ஒரு முறை. அதில் தோல் நன்றாகவே கழலும், ஆனால் அறுக்கும்போது இலையெல்லாம் தூள் ஒட்டியிருக்கும். அதைக் கழுவி எடுக்கும் பாட்டை நினைத்தால் பாரமே மேல்.

25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்கும் இடத்தில் தட்டை வையுங்கள். வெப்பமண்டலப் பயிராதலால் 20 டிகிரிக்குக் கீழே முளைப்பு மிகவும் மந்தமாகிவிடும். நாளுக்கு இரண்டு முறை மூடியைத் தூக்கிப் பார்த்து, மேற்பரப்பு உலர்ந்திருந்தால் நீரைத் தெளியுங்கள். மூன்றாம் நாளிலோ நான்காம் நாளிலோ நாற்றுகள் ஒன்றுசேர்ந்து மேல்தட்டையும் பாரத்தையும் அரை அங்குலம் தூக்கி நிறுத்தியிருக்கும். முதல் தடவை அதைப் பார்ப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். அப்போது பாரத்தை மட்டும் எடுத்துவிட்டு, தட்டைக் கவிழ்த்து மூடி மேலும் ஒரு நாள் இருளில் வைத்தால் தண்டு சற்று நீண்டு, அறுப்பதற்கு வசதியாக வரும்.

வெளிச்சம், நீர், தோல்

மூடியை நீக்கும்போது வித்திலைகள் வெளிர்மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்ட ஒரே நாளில் பச்சையாகிவிடும். நேரடி உச்சிவெயிலில் வைக்காமல், நல்ல வெளிச்சம் வரும் சன்னலோரத்தில் வையுங்கள். நாற்று சன்னலை நோக்கிச் சாயுமாதலால் நாள்தோறும் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். சன்னல் இல்லையென்றால் வெள்ளை ஒளி தரும் எல்இடி குழல்விளக்கைத் தட்டுக்கு மேலே 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம்.

இந்தக் கட்டத்திலிருந்து நீரை மேலிருந்து ஊற்றக் கூடாது. அடித்தட்டில் 200 மில்லி அளவுக்கு ஊற்றி, அரை மணி நேரத்தில் ஊடகம் உறிஞ்சியது போக மீதியை வடித்துவிடுங்கள். எப்போது ஊற்றுவது என்பதற்குக் கடிகாரத்தைவிடக் கையே நல்ல வழிகாட்டி: நன்றாக நனைந்த தட்டின் கனத்தை ஒரு முறை தூக்கிப் பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டால், அது இலேசானதும் கைக்குத் தெரிந்துவிடும். வள்ளை நீரிலேயே வளரும் கீரை என்பதால் அடித்தட்டில் எப்போதும் நீர் நிற்கலாம் என்று எண்ணுவது இயல்பு. குளத்தில் ஒரு கொடி படர்வதும், கையகலத் தட்டில் எண்ணூறு நாற்று நெருங்கி நிற்பதும் ஒன்றல்ல; தேங்கிய நீரில் காற்றில்லாமல் பித்தியம் போன்ற கிருமிகள் பெருகி, தண்டின் அடி கண்ணாடி போலாகி நாற்று மடிந்து விழும். இதையே நாற்றழுகல் என்கிறோம். அது ஒரு மூலையில் மட்டும் தெரிந்தால், அந்தப் பகுதியை ஊடகத்தோடு தோண்டி எறிந்துவிட்டு, நீரைக் குறைத்து, மின்விசிறியை மிதமாக ஓடவிடுங்கள். தட்டின் பாதிக்குப் பரவியிருந்தால் முழுவதையும் கொட்டிவிடுவதே சரி.

வேரைச் சுற்றி வெண்பஞ்சு போல ஏதோ தெரிந்தால் பதறிவிடாதீர்கள். வேர்த்தூவிகளும் அப்படித்தான் தோன்றும். அவை ஒவ்வொரு வேரையும் சுற்றி ஒரே சீராக, தேங்காய்ப்பூ ஒட்டியது போல இருக்கும். நீரைத் தெளித்ததும் வேரோடு படிந்து மறைந்துவிடும். பூஞ்சணமானால் சிலந்திவலை போல ஒரு நாற்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும், தெளித்தாலும் மறையாது, பூசண வாடையும் அடிக்கும்.

பாரம் வைத்தும் சில நாற்றுகளில் தோல் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். அதை உலர்ந்த நிலையில் பிடுங்கினால் வித்திலையும் சேர்ந்து கிழியும். மாலையில் நாற்றின் தலைமேல் மட்டும் பனி போலத் தெளித்து, கால் மணி நேரம் தோலை இளகவிட்டு, பின்பு உள்ளங்கையால் பயிரைத் தடவுவது போல இருபுறமும் மெல்ல வருடுங்கள். தோல்கள் பொலபொலவென்று உதிரும். இதை ஆறாம் நாளிலிருந்து இரண்டு மூன்று மாலைகள் செய்தால் போதும். தோல் நீங்கியதும் விரியும் வித்திலையின் வடிவம் தனியழகு: மற்றக் கீரைகளைப் போல வட்டமாகவோ இதயவடிவாகவோ இல்லாமல், ஒவ்வொன்றும் அடிவரை பிளந்து இரட்டைவால் குருவியின் வாலைப் போல நிற்கும். முளைத்தது வள்ளைதானா என்ற ஐயத்தையும் அது பெருமளவு தீர்த்துவிடும். ஆனால் அழகுக் கொடிகள் சிலவற்றின் வித்திலையும் பிளந்திருக்கும் என்பதால், உறையைப் பார்த்து வாங்குவதற்கு அது ஈடாகாது.

அறுவடை

விதைத்த பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே, நாற்று 8 முதல் 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்போது அறுக்கலாம். வித்திலைகள் முழுமையாக விரிந்து, அவற்றின் நடுவே முதல் உண்மை இலை அம்புமுனையாகத் தலைகாட்டும் தருணமே ஏற்றது. அதற்கு மேல் விட்டால் தண்டின் அடியில் நார் ஏறிவிடும்.

அறுப்பதற்கு அரை நாள் முன்பே நீரை நிறுத்திவிடுங்கள். ஈரமான இலை சீக்கிரம் அழுகும். காலை நேரத்தில், கழுவித் துடைத்த கூர்மையான கத்தரிக்கோலால், ஒரு கையில் சிறு கற்றையாகப் பிடித்துக்கொண்டு, ஊடகத்துக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டுங்கள். வெட்டியதை உண்ணும் நேரத்தில்தான் கழுவ வேண்டும். பச்சையாகக் கலவைகளில் சேர்க்கலாம், அல்லது சூடான சமையலை இறக்கியபின் மேலே தூவலாம். சிறு குழந்தைகள், கருவுற்றவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோருக்குக் கொடுப்பதானால் நன்றாக வேகவைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு. வள்ளையில் ஆக்சலேட்டு இருப்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேமிப்பதில் இந்தக் கீரை சற்றுப் பிணக்குக்காரி. வெப்பமண்டலப் பயிரான வள்ளைக்குக் கடுங்குளிர் ஆகாது. சாதாரணக் குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டில் வைத்தால் இரண்டொரு நாளில் இலை கறுக்கத் தொடங்கும். உலர்ந்த காகிதத் துண்டு விரித்த டப்பாவில் தளர்வாக வைத்து, பெட்டியின் குளிர் குறைந்த பகுதியில், பெரும்பாலும் கதவருகில், வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வெட்டிக்கொண்டு, மீதியைத் தட்டிலேயே நிற்கவிடுவது இதைவிட நல்ல சேமிப்பு முறை.

வித்திலைக்குக் கீழே வெட்டிய நாற்று மீண்டும் தழைக்காது. ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு நாற்றுகளை வெட்டாமல் விட்டு, ஆழமான தொட்டிக்கு மாற்றினால் ஒரு மாதத்தில் முழுக்கீரையாகும். பின்பு அதன் தண்டை வெட்டி நட்டாலே கணுவில் வேர்விடும். இந்தத் துடிப்பே சில இடங்களில் தொல்லையாகவும் ஆகியிருக்கிறது. அமெரிக்காவில் வள்ளைக்கீரை கூட்டரசின் தீங்குக் களைப் பட்டியலில் உள்ளது. நீர்நிலைகளை மூடிப் படர்ந்துவிடும் என்பதே காரணம். உங்கள் நாட்டின் விதியைத் தெரிந்துகொள்வதோடு, மீந்த விதையையோ நாற்றையோ குளத்திலும் சாக்கடையிலும் கொட்டாதிருங்கள்.

அறுத்து முடித்த ஊடகத்தை அடுத்த விதைப்புக்குப் பயன்படுத்தாமல் வேரோடு மக்கும் தொட்டியில் போட்டுவிடலாம். நான் ஒரு தடவை அதை உதிர்த்துப் பூந்தொட்டி ஒன்றில் கலந்துவிட்டு மறந்துபோனேன்; மூன்று வாரம் கழித்து அந்தத் தொட்டியில் ஏழெட்டு வள்ளை நாற்றுகள் இரட்டை வாலை விரித்துக்கொண்டு நின்றன. தட்டில் ஊறாமல் கல்லாகக் கிடந்த விதைகள்தாம் அவை.